என் கடை இல்லாத படம்

பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த படத்தைக் காட்டிலாகா ரேஞ்சர் என் மேசைமேல் விரித்தபோது, நான் ஒரு முருகன் படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த வைரமுனைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

படத்தில் ஒரு வேப்பமரம். எந்த வேப்பமரம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் என் தலைக்குமேல் நின்ற மரம்தான் அது. தேர் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே பிரியும் தெருவில், அந்த மரத்தடியில்தான் எங்கள் பிரேம் கடை இருந்தது. லாரி உரசித் தோல் போன இடம், காக்கை கூடு வைத்திருந்த கவை, வெயில் காலத்தில் பிசின் வடிந்து கருத்த முடிச்சு எல்லாம் அச்சாக இருந்தன.

இரண்டு மட்டும் தப்பு. அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், மஞ்சள் சாயம் ஒரு பட்டையாக ஓடியிருந்தது. தூரிகை வழுக்கிவிட்டது போலும் என்று நினைத்தேன். இன்னொன்று அப்படி வழுக்கி வந்த தப்பாகத் தெரியவில்லை. மரத்தடியில் என் கடை இல்லை.

தகரக் கூரை, மேசை, மரத்தில் மாட்டியிருந்த படங்கள் ஒன்றும் இல்லை. வெறும் மண்ணும் நிழலும்.

"சார், என் கடை எங்க?" என்றேன்.

"மரத்தத்தானுங்க வரைஞ்சேன், அம்மணி. இதுக்கு நல்ல சட்டமாப் போடோணும்" என்றார்.

அந்த மனுஷன் எதை வரைந்து சட்டம் போட்டாலும் அதற்கு என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். அதைச் சொல்வதற்குமுன் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாமியும் செத்தவரும்

சங்கரன்கோவிலில் அப்போதெல்லாம் சட்டத்துக்குள் போகிற படம் இரண்டே வகை. ஒன்று சாமி படம், இன்னொன்று செத்தவர் படம். கல்யாணப் படம் எப்போதாவது வரும். அதையும் மாமியார்கள் ஆயிரம் யோசித்துத்தான் கொண்டுவருவார்கள். உயிரோடு இருக்கிறவரைக் கண்ணாடிக்குள் வைத்து ஆணியில் மாட்டுவது நல்லதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஒருவர் இறந்துபோனால், "அவரு படமாயிட்டாரு" என்பார்கள்.

என் வீட்டுக்காரரும் படமாகிவிட்டவர்தான். காய்ச்சலில் போனார். கடையை நடத்தத் தெரிந்தவர் அவர். கண்ணாடியில் கையை அறுத்துக்கொள்ளாமல் இருக்கக்கூட அப்போது எனக்குத் தெரியாது. அறுபட்ட விரலில் கோயில் புற்றுமண்ணை அப்பிக்கொண்டு வேலையைப் படித்தேன். அவர் படத்தைச் சந்தன நிறச் சட்டத்தில் போட்டு வேப்பமரத்து ஆணியில் மாட்டினேன். சட்டம் வாங்க வருகிறவர்கள் அதைக் காட்டி, "இதே மாதிரி போடுங்க" என்பார்கள். அவர் இறந்த பிறகும் எனக்கு வியாபாரம் பிடித்துத் தந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள், உண்மை அதுதான்.

கடை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது தெருப் புறம்போக்கு. மரம் நின்றதால் கடை நின்றது. கூரைத் தகரத்தின் ஒரு பக்கம் கம்பத்தில், மறுபக்கம் மரத்தில். மரம் போனால் அன்றைக்கே கடையும் போகும், எனக்குச் சோறும் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சட்டத்தை முகர்ந்தவர்

ரேஞ்சர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம். ஏரிக்கரை, ஓடைக்கரை என்று மரம் வளர்க்கும் திட்டம் ஒன்று அப்போது வந்திருந்தது, அதற்காக வந்த அதிகாரி. காக்கிச் சட்டை, குட்டையான மீசை, யாரையும் உறுத்துப் பார்க்காத கண்.

முதல்முறை கடைக்கு வந்தவர் படம் எதுவும் கொண்டுவரவில்லை. சாய்த்து வைத்திருந்த சட்டக் கட்டையில் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தேக்குங்களா?"

"நாட்டு மரம் சார்" என்றேன். காட்டிலாகா அதிகாரி மரத்தை முகர்ந்தால் யாருக்குத்தான் பயம் வராது? எங்கே வாங்கினாய், சீட்டு எங்கே என்று கேட்பார், ஒரு வழக்கைப் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

அம்மணி என்று அழைப்பதும் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் மதினி, அக்கா, தாயி என்போம். அம்மணி என்றால் கேலியா மரியாதையா என்று பிடிபடவில்லை.

எதிர்வரிசையில் டீக்கடை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சிதான் அவரைப் பற்றிய செய்திகளை எனக்குக் கடத்துவார். "மதினி, அந்தாளு ஞாயித்துக்கெழமையானா சைக்கிள்ள ஒரு பொட்டிய கெட்டிட்டுப் போறாரு. ஓடைக்கரைல ஸ்டூலப் போட்டு உக்காந்து மரத்தப் பாத்துக்கிட்டே இருக்காராம். நல்ல மனுசன் எவனாவது மரத்தப் பாப்பானா?"

"என்ன செய்யுதாராம்?"

"படம் வரையுதாரு. ஆளு கெடையாது, சாமி கெடையாது. வெறும் மரம், வெறும் மலை. எடத்த அளக்க வந்த ஆளா இருக்கும்னு பேசிக்கிடுதாவ."

அளக்க வந்தவர் என்ற எண்ணம் எங்கள் ஊரில் எளிதில் வரும். புலத்தின் எல்லையைக் காட்டும் தாளையும் நாங்கள் படம் என்றுதான் சொல்வோம். ஒருவன் நம் நிலத்தைப் படம் வரைகிறான் என்றால் அதை எடுத்துக்கொள்ள வருகிறான் என்று அர்த்தம். அவர் போன இடமெல்லாம் ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு படங்களைச் சட்டம் போட என்னிடமே கொண்டுவந்தார். சும்மா சொல்லக்கூடாது, கை நல்ல கை. மேற்கே ராயகிரிப் பக்கத்து மலையை மழைக்குமுன் வரைந்திருந்தார். பார்த்ததும் மண் வாசனை வந்தது. எதற்காக இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அழகக் கண்ணுல காட்டிட்டம்னா, வெட்டறதுக்குக் கை வராதுங்க அம்மணி" என்றார். "டீக்கடை, பள்ளிக்கூடம், ஆபீசு எல்லாத்துலயும் மாட்டப் போறனுங்க."

இப்படிப் பேசுகிற அரசாங்க ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நம்பவும் இல்லை.

வரைந்தால் விழும்

முதலில் மாட்டியது சாலைப் புளியமரங்களின் படம். இரண்டு பக்கமும் கிளை கூடிக் குடை பிடித்த வரிசை. சுடலைமுத்து அண்ணாச்சியின் டீக்கடையிலேயே மாட்டினார்; அங்கே அவருக்கு டீ ஓசி. அடுத்த மழைக்குள் அந்த வரிசை முழுவதும் சாய்ந்துவிட்டது. சாலையை அகலமாக்குகிறார்களாம்.

அப்புறம் ஓடைக்கரை மருத மரங்கள். படம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொங்கியது. பரீட்சை லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பியபோது மரங்கள் இல்லை. கரை உடைகிறது என்று காரணம் சொன்னார்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சி புளியமரப் படத்துக்கு ஒரு கதம்ப மாலையைப் போட்டுவிட்டார். கேலிக்குத்தான் போட்டார். ஆனால் டீ குடிக்க வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரேஞ்சரும் மரக் காண்டிராக்டரும் கூட்டு. எந்த மரம் பெரிசு, எந்த மரத்தில் எவ்வளவு கட்டை தேறும் என்று வரைந்து காட்டுகிறார்; அவன் வந்து அறுத்துக்கொண்டு போகிறான். எனக்கும் அது சரியென்றே பட்டது. சட்டத்தை முகர்ந்து பார்த்த மூக்கு அது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அடுத்த படம் கொண்டுவந்தபோது, "சார், நீங்க வரஞ்சா மரம் விழுதுன்னு சொல்லுதாவளே, நெசமா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது.

"விழப்போற மரத்தத்தானுங்க வரையறேன்" என்றார். "எது விழும்னு ஆபீசுல எனக்கு முன்னாடியே காதுல விழுந்துருது. வாயால சொன்னா வேல போயிரும். கை இருக்குதுல்லங்க."

இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். "நல்லாக் கத சொல்லுதாரு" என்றார் அவர். எனக்கும் பாதிதான் நம்பிக்கை. திருடனும் இப்படித்தானே பேசுவான்?

ஆலமரத்துக்கு அம்மன் வந்தது

அன்று அவர் கொண்டுவந்த படம் ஒரு ஆலமரம். இளையரசனேந்தல் பக்கத்தில், வானம் பார்த்த பூமியில், ஒரு ஊர்க் கண்மாய்க்கரையில் நின்ற மரம். சட்டம் போட்டு முடித்துக் கடையில் காய வைத்திருந்தேன்.

அந்த ஊர்க்காரி மாரித்தாய் என்ற பெண் மாமனார் படத்தை வாங்க வந்தாள். மாமனாரை வாங்கியவள் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏக்கா, இது எங்க ஊரு ஆலமரம்லா?"

"ஆமா."

"இத எதுக்குச் சட்டம் போட்டிய? அது நல்லாத்தான நிக்கி? காலைலகூட அதுக்கடியிலதான் பஸ்ஸுக்கு நின்னேன்."

ரேஞ்சர் வரைந்தது என்று சொன்னேன். மாரித்தாய்க்குப் புளியமரக் கதையும் மருதமரக் கதையும் தெரிந்திருந்தது. மாமனாரை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பாக்கிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை.

பிறகு நடந்ததை அவளே வந்து சொன்னாள். ஊரில் பொம்பளைகள் கூடிப் பேசினார்கள். ஆம்பளைகள் மனு எழுதலாம் என்றார்கள். "மனு எழுதி முடிக்கதுக்குள்ள வெறகாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு மாரித்தாயின் மாமியார் வீட்டுக்குள் போய்க் கல்யாணத்துக்கு வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்துவந்தாள். ஆலமரத்தின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். மூன்று இழுப்பு மஞ்சள், நடுவில் குங்குமம். அடியில் ஒரு கல்லைக் கழுவி வைத்தார்கள். சாமி ஆடத் தெரிந்தவள் ஒருத்தி ஆடினாள். அவ்வளவுதான், அம்மன் வந்துவிட்டாள்.

காண்டிராக்டர் ஆட்களோடு வந்தபோது ஒருத்தனும் கோடரியைத் தூக்கவில்லை. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றானாம். "நீரு வெட்டும்வே, நாங்க கும்புடுதோம்" என்று கோடரியை அவன் கையில் கொடுத்தார்களாம். அவன் திரும்பிப் போய்விட்டான். அந்த மரம் நெடுங்காலம் நின்றது.

இதை ரேஞ்சரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பார்க்க நன்றாக இல்லை.

"அழகா இருக்குதுன்னு ஒருத்தரும் பாக்கலீங்க" என்றார். "நான் திருடன்னு நம்புனாங்க. அதுல மரம் பொழச்சுது."

எனக்கு முதன்முதலாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. என் வேப்பமரத்தை வரைந்து கொண்டுவந்துவிட்டார்.

யாருக்கு இந்தப் படம்?

மறுபடியும் அந்த மேசைக்கே வருகிறேன்.

"இத எங்க மாட்டப் போறீய?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லீங்க. இது உங்களுக்குத்தான். எனக்கு மாத்தலாயிருச்சு. இத்தன படத்துக்குச் சட்டம் போட்டுக் குடுத்தீங்க, அதுக்கு."

"சும்மாவா?"

"சும்மாத்தானுங்க."

சும்மா தருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "சார், நேராச் சொல்லுங்க. இந்த மரம் போவப்போவுதா? நீங்க விழப்போறததான வரைவீய?"

அவர் தெருவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"கடையையும் வரஞ்சிருக்கலாம்லா? அத எதுக்கு விட்டீய? நாந்தான் இங்க உக்காந்திருக்கேனே, கண்ணுக்குத் தெரியலையா?" எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். மரத்துக்கு இரங்குகிற மனுஷனுக்கு மரத்தடியில் இருக்கிறவளுக்கு இரங்கத் தெரியவில்லையே என்ற ஆத்திரம்.

"நல்லாப் பாருங்க, அம்மணி" என்றார். விரலால் அந்த மஞ்சள் பட்டையைத் தொட்டுக் காட்டினார். "சாயம் இன்னும் காயல. பாத்துச் சட்டம் போடுங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

விரலால் தொட்டுப் பார்த்தேன். சாயம் நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. மஞ்சள் விரலில் ஒட்டவில்லை, புத்தியில் ஒட்டியது. தூரிகை வழுக்கியதாக நான் நினைத்த பட்டைக்கு ஒரு முடிச்சும் இருந்தது. துணியைச் சுற்றிக் கட்டினால் விழுகிற முடிச்சு.

வளைந்த வாறுகால்

மறுநாள் கோயில் மணி அடித்ததும் குளித்துவிட்டு வந்தேன். மஞ்சள் துணியை மரத்தில் சுற்றினேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கனவையும் தயார் செய்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பால்காரி கும்பிட்டுவிட்டுப் போனாள். பூக்காரி ஒரு முழம் கிள்ளிப் போட்டாள். உச்சி வெயிலுக்குள் எலுமிச்சம்பழம் சேர்ந்துவிட்டது.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குமுன் டேப்பும் சுண்ணாம்பும் கொண்டு ஆட்கள் வந்தார்கள். தெருவை அகலமாக்கி, சாக்கடைத் தண்ணீர் ஓட வாறுகால் கட்டப்போகிறார்களாம். சுண்ணாம்புக் கோடு நேராக வந்து என் மரத்தின்மேல் ஏற இருந்தது. மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கோட்டை வளைத்தார்.

அந்தத் தெருவில் இன்றும் வாறுகால் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது. போனால் பாருங்கள்.

அன்று ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மரமும் பிழைத்தது, கடையும் பிழைத்தது. ரேஞ்சரை மனதுக்குள் வாழ்த்தக்கூடச் செய்தேன். அந்த வாழ்த்துக்கு ஆயுசு கம்மி.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் வர ஆரம்பித்தது. பிறகு செவ்வாய்க்கிழமையும். ஒருநாள் சுடலைமுத்து அண்ணாச்சி நாலைந்து பெரிய மனிதர்களோடு வந்தார்.

"மதினி, தப்பா நெனைக்காதீய. அம்மன் நிக்க எடத்துல செத்தவுக படத்தத் தொங்க விட்டிருக்கீய. வாரவுக அம்மனக் கும்புடவா, ஒங்க வீட்டுக்காரரக் கும்புடவா?"

"அண்ணாச்சி, இந்த அம்மனக் கொண்டுவந்ததே நாந்தான்!"

"நீங்களா கொண்டாந்தீய?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா அம்மன் தானா வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மதினி."

பெரிய மனிதர்கள் என்னையே பார்த்தார்கள். நான் உண்மையைச் சொன்னால் அது வெறும் மரம். வெறும் மரத்துக்கு வாறுகால் வளையாது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் தோற்ற ஒரே இடம் அதுதான்.

ஆணிகளைப் பிடுங்கினார்கள். தகரத்தைக் கழற்றினார்கள். மரத்தைச் சுற்றிப் பீடம் கட்ட நாள் குறித்தார்கள். எனக்கு அநியாயம் செய்யவில்லை; எதிர்வரிசையில் டீக்கடையை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஓர் அறையைச் சொற்ப வாடகைக்கு முடித்துத் தந்தார்கள். அண்ணாச்சியின் டீக்கடைக்கு அம்மன் கூட்டத்தால் யோகம் அடித்தது. ரேஞ்சருக்கு ஓசியில் டீ கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க. அவரு அந்தப் படத்த வரையும்போது நீங்க பாத்தீயளா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"நான் எங்க மதினி பாத்தேன்? எனக்கு டீ ஆத்தவே நேரம் இல்ல" என்பார். கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்களா, ரேஞ்சர் மட்டும் நடக்கப்போவதைக் கண்டு வரைந்தாரா, எல்லாம் தற்செயலா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சந்தேகம் மட்டும் குறையவே இல்லை.

புது அறைக்குச் சாமான்களை மாற்றிய அன்று மேசையைப் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். எதிரே வேம்பு. லாரி உரசிய தழும்பு இடப்பக்கம், காக்கைக் கூடு கவையில், இடுப்பில் மஞ்சள் துணி, அடியில் மண்ணும் நிழலும். ரேஞ்சரின் படத்தை எடுத்து நீட்டிப் பிடித்தேன். ஒரு கிளைகூட விலகவில்லை. இதே இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் அவர் அதை வரைந்திருக்கிறார்.

படம் இன்றும் என் தலைக்குமேல் தொங்குகிறது. மாலை போடவில்லை, மரம் உயிரோடு நிற்கிறதே. என் கடையை விட்டுவிட்டார் என்று அன்று அவரோடு சண்டை பிடித்தேன். கடைக்குள் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தன் கடை எப்படிக் கண்ணில் படும்?